முற்பிறவிக்குக் கையொப்பமிட்டவர்கள்

2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு வேண்டுகோளை வைத்தது. காட்டுவதற்கு அவர்களிடம் விளையாட்டு எதுவும் இல்லை. தலைப்புக்கூட 'பிராஜெக்ட் எட்டர்னிட்டி' என்ற தற்காலிகப் பெயர்தான். கையில் இருந்தவை மூன்று பழைய பெயர்கள்: பால்டர்ஸ் கேட், ஐஸ்விண்ட் டேல், பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அவற்றைப் போன்ற ஒன்றை மறுபடி செய்கிறோம், 11 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. அக்டோபர் நடுவில் கணக்கை முடித்தபோது 73,986 பேர் சேர்ந்து ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். அதுவரை அந்தத் தளத்தில் வேறெந்த வீடியோ கேமும் அவ்வளவு திரட்டியதில்லை.

இந்த வழி நமக்கும் தெரிந்ததுதான். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறுவதற்கு முன் கையொப்பம் சேர்த்த கதையை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். இன்றைய பதிப்பகங்கள் அதை முன்வெளியீட்டுத் திட்டம் என்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிந்தாமணிக்குக் கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் தாங்கள் படித்திராத ஒரு நூலுக்குக் கையொப்பமிட்டார்கள். கிக்ஸ்டார்ட்டரில் கையொப்பமிட்டவர்களோ தாங்கள் ஏற்கெனவே ஆடி முடித்த ஒன்றுக்காகப் பணம் கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியது தங்கள் இருபது வயதை.

அப்படிப் பிறந்த விளையாட்டு 2015 மார்ச் 26 அன்று 'பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி' என்ற பெயரில் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து அதை மறுபடி முழுதாக ஆடி முடித்திருக்கிறேன். மதிப்புரை எழுதும் காலம் கடந்துவிட்டதால் முடிவையும் மறைக்காமல் பேசப்போகிறேன். நான் சொல்ல வருவது இதுதான். நினைவேக்கத்தின் காசில் உருவான இந்த விளையாட்டு, நினைவேக்கம் ஒரு நோய் என்ற கதையைத் தன் புரவலர்களுக்கே சொல்கிறது. அதன் சிறப்பும் சறுக்கலும் இந்த ஓர் இடத்திலிருந்தே வருகின்றன.

பழைய விளையாட்டுகளை அறியாத வாசகருக்காகச் சிறு விளக்கம். 1998இல் பயோவேர் நிறுவனம் பால்டர்ஸ் கேட்டை வெளியிட்டது. அதற்காக அவர்கள் எழுதிய மென்பொருள் அடித்தளத்தின் பெயர் இன்ஃபினிட்டி எஞ்சின். அதே அடித்தளத்தில் பிளாக் ஐல் என்ற குழு 1999இல் பிளேன்ஸ்கேப்: டார்மென்டையும் 2000இல் ஐஸ்விண்ட் டேலையும் செய்தது. ஓவியம்போலத் தீட்டப்பட்ட நிலக்காட்சியை மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். அதில் ஆறு பேர் கொண்ட நம் குழு நடந்து போகிறது. சண்டை வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டிக் காலத்தை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்துவிட்டு, மறுபடி ஓடவிடலாம். சண்டை இல்லாத நேரமெல்லாம் வாசிப்புதான். டார்மென்டில் மட்டும் ஏறத்தாழ எட்டு லட்சம் சொற்கள் என்று சொல்வார்கள். பிணவறையில் கண்விழிக்கும் ஒருவன், சாகவும் முடியாமல், தான் யாரென்றும் தெரியாமல், முன்பு தானே வாழ்ந்த வாழ்க்கைகளின் தடயங்களைத் தேடிப்போகும் கதை அது.

2003இல் பிளாக் ஐல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய சிலர் அதே ஆண்டில் தொடங்கியதுதான் அப்சிடியன். அதன்பின் பத்தாண்டுகள் இந்த வகை விளையாட்டுக்குப் பெரிய வெளியீட்டாளர்கள் யாரும் பணம் போடத் தயாராக இல்லை. முப்பரிமாணக் காட்சி, குரல் நடிப்பு, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிகளுக்கு ஏற்ற வேகம் என்று சந்தை வேறு திசையில் போய்விட்டிருந்தது. 2012 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காகச் செய்துகொண்டிருந்த ஒரு விளையாட்டு கைவிடப்பட, அப்சிடியன் ஆட்குறைப்பு செய்யவேண்டி வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய திரட்டலில் டபுள் ஃபைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் 33 லட்சம் டாலர் சேர்த்துக் காட்டியிருந்தது. வெளியீட்டாளரைத் தாண்டி நேராக ரசிகரிடம் போகலாம் என்ற கதவு அப்போது திறந்தது. அப்சிடியன் அதன் வழியே வந்தது உயிர் பிழைக்கத்தான்.

வெளிநாட்டுக்கு முதுகலை படிக்க வந்த காலத்தில் டார்மென்டை ஆடியவன் நான். ஆகவே இந்த ஏக்கத்துக்கு வெளியே நின்று பேச என்னால் முடியாது. ஆனால் என் தொழில் ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. பழைய மென்பொருளைப் புதிய அடித்தளத்துக்கு மாற்றித் தருவது என் வேலை. எந்த வாடிக்கையாளரும் முதல் நாளில் சொல்வது ஒன்றுதான்: இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். அந்த 'அப்படியே'க்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால், பாதி அவர்களுக்கு உண்மையில் தேவையானது. மீதி, பழைய இயந்திரத்தின் குறைகளைச் சமாளிக்க அவர்கள் பழகிக்கொண்ட பழக்கங்கள். பழக்கமும் தேவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கும். நல்ல மாற்றுப்பணி என்பது அந்த முடிச்சை அவிழ்ப்பது. பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியை இயக்கிய ஜோஷ் சாயர் அந்த முடிச்சோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியவர் என்பது ஆட்டத்தின் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது.

ஓர் உதாரணம் போதும். பழைய விளையாட்டுகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் இயங்கின. அங்கே உடல் வலிமை வாள்வீரனுக்கு மட்டும் தேவை. மந்திரவாதிக்கு அதை ஏற்றினால் வீண். எந்த எண்ணை எங்கே ஏற்றுவது என்று முன்பே தெரியாதவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தோற்றிருப்பார். அந்த விதிகளுக்கான உரிமம் அப்சிடியனிடம் இல்லை. ஆகவே சாயர் புதிதாக எழுதினார். இங்கே 'வல்லமை' என்ற பண்பு வாளின் அடியையும் கூட்டும், மந்திரத்தின் வீச்சையும் கூட்டும், குணப்படுத்தும் ஆற்றலையும் கூட்டும். புத்தி கூர்மையான முரட்டு வீரனும் தோள்வலிமை மிக்க மந்திரவாதியும் இங்கே பிழைத்துக்கொள்வார்கள். கொன்றதற்காக மதிப்பெண் தருவதையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார். எதிரியைச் சுற்றிக்கொண்டு போனாலும் பேசித் தீர்த்தாலும் நட்டமில்லை. வெளியே பார்த்தால் 1998. உள்ளே போனால், 1998இன் தவறுகளைப் பத்தாண்டுகள் யோசித்த ஒருவரின் மனம்.

ஆடும் மகிழ்ச்சியையும் சொல்லவேண்டும். விமர்சனம் எழுதும்போது அது எளிதில் விட்டுப்போகும். இருட்டாகக் கிடக்கும் வரைபடத்தில் நம் ஆறு பேர் ஓரடி வைக்க ஓரடி வெளிச்சமாகும். ஆற்றங்கரை, பாழடைந்த கோயில், யாரோ விட்டுப்போன அடுப்பு என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். சில கட்டங்களில் திரை ஒரு பழைய புத்தகத்தின் பக்கமாக மாறிவிடும். கோட்டோவியம் ஒன்று, அதன் பக்கத்தில் சில வரிகள், கீழே நம் தெரிவுகள். சுவரில் ஏற கொக்கிக் கயிறு இருக்கிறதா, இல்லை யாராவது வெறுங்கையால் முயலட்டுமா? பணம் குறைவாக இருந்ததால் அசையும் காட்சிக்குப் பதில் வரைந்த காட்சி. அந்தக் குறைவே அழகாகிவிட்டது. நம் பேச்சையும் ஆட்டம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. பழைய விளையாட்டுகளின் நல்லவன், கெட்டவன் அளவுகோல் இங்கே இல்லை. நேர்மையானவர், கறாரானவர், வாய்ச்சாலகர், கொடியவர் என்று ஊர் நம்மைப் பற்றிப் பல பெயர்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்கிறது. எந்தச் சிற்றூரிலும் அப்படித்தானே.

இனிக் கதை. இந்த விளையாட்டின் நாயகர் ஒரு குடியேறி. வண்டிக் கூட்டத்தோடு டைர்வுட் என்ற நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறார். கில்டட் வேல் என்ற சிற்றூரின் பிரபு, வந்து குடியேறுவோருக்கு நிலம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எந்த நாட்டிலிருந்து வருகிறோம், அங்கே என்ன தொழில் செய்தோம் என்பதை நாமே தெரிவு செய்கிறோம். ஏன் கிளம்பினோம் என்று வண்டித் தலைவன் கேட்கிறான். ஊர் போய்ச் சேர்ந்தால், நடு ஊரில் ஒரு பெரிய மரம். அதில் வரிசையாகப் பிணங்கள் தொங்குகின்றன. அந்த நாட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகள் ஆன்மா இல்லாமல் பிறக்கின்றன. மூச்சு விடும், கண் திறந்திருக்கும், அழாது, பார்க்காது. இந்த வெற்றுப் பிறவிகளுக்கு யார் காரணம் என்று தெரியாமல் ஊர் ஊராக யாரையாவது தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் நம் நாயகருக்கு ஒன்று நேர்கிறது. வழியில் ஒரு புராதன இடிபாட்டில், கேட்கக் கூடாத ஒரு சடங்கைப் பார்த்துவிட்டதன் விளைவாக அவருடைய ஆன்மா விழித்துக்கொள்கிறது. இந்த உலகில் ஆன்மாக்கள் மறுபடி மறுபடி பிறப்பவை. முன்னைய பிறவிகள் நினைவுக்கு வராமல் இருப்பதுதான் ஆரோக்கியம். வந்துவிட்டால் அது நோய். இனி அவருக்குத் தூக்கம் வராது. தன்னைப் போன்ற இன்னொருவரை அவர் ஒரு பாழ்க்கோட்டையில் கண்டுபிடிக்கிறார். மேர்வால்ட் என்ற கிழவர். முற்பிறவிகள் ஒன்றோடொன்று சண்டையிட, புத்தி பேதலித்து, நிலவறையில் தனக்குள்ளே பேசிக்கொண்டிருக்கிறார். நீயும் இப்படித்தான் ஆவாய் என்பதுதான் அவர் நமக்குத் தரும் சேதி.

நம் மரபில் முற்பிறவி அறிவு இப்படி வருவதில்லை. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். அது அவளுக்கு ஒரு திறப்பு. உதயகுமரன்மேல் மனம் சாய்வது ஏன் என்று தெரிகிறது, தெரிந்ததால் கடக்க முடிகிறது. அறிவு விடுதலைக்கான படி. அமெரிக்கர்கள் எழுதிய இந்தக் கதையில் அதே அறிவு ஒரு காயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பில்லர்ஸின் பயம் எது என்று துலக்கமாகிறது. பழையதை அறிவது அதற்குப் பிரச்சினை இல்லை. பழையது நிகழ்காலத்தின் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பதுதான் பிரச்சினை.

இதை மிக அழகாகச் சுமக்கிறவள் சாகனி. பனிநாட்டைச் சேர்ந்த வேட்டைக்காரி. அவள் ஊர் வழக்கப்படி, இறந்துபோன ஊர்ப்பெரியவர் எங்கே மறுபடி பிறந்திருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து வரவேண்டும். கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்காக அலைந்துகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் தன்னை அடையாளம் கண்டுகொள்வார்களா என்ற கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்பதைவிட, கேட்காமல் விடுவது கனமாக இருக்கிறது. கடைசியில் பெரியவர் கிடைக்கிறார், மனிதராக அல்ல, ஒரு கலைமானாக. தான் யாராக இருந்தோம் என்று அதற்கு என்ன தெரியும்? எந்த ஊருக்காக அவள் இத்தனை ஆண்டுகளைக் கொடுத்தாளோ அந்த ஊரின் நினைவு, புல் மேயும் விலங்கின் கண்ணில் இருக்கிறதா இல்லையா என்று தேடும் இடம் அது. ஊரை விட்டு வந்து ஊரைத் தேடிக்கொண்டிருக்கும் எவரும் அந்தக் கட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் தொடர முடியும்.

மற்ற தோழர்களும் இதே கேள்வியின் வெவ்வேறு கோணங்கள். ஈடேர் என்ற உழவன் ஒரு போரில் ஒரு பக்கம் சண்டையிட்டான். அவன் அண்ணன் மறுபக்கம் போய் இறந்தான். ஏன் போனான் என்று கடைசிவரை முழு விடை கிடைப்பதில்லை. டியூரன்ஸ் என்ற பூசாரி, மனித உடலில் இறங்கிப் படையெடுத்து வந்த தெய்வத்தைக் கொல்ல வெடிகுண்டு செய்தவர்களில் ஒருவன். அதன் பிறகு அவனுடைய தெய்வம் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டது. பாலெஜினா என்ற வீராங்கனை பேசும்போது தன் நாட்டுச் சொற்களை இடையிடையே கலந்துகொண்டே போகிறாள். முதலில் அது எரிச்சலூட்டும். பிறகு, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு வெளியாளுக்கு எப்படிக் கேட்கும் என்ற யோசனை வரும்.

இனிச் சறுக்கல்கள். புரவலர்களின் பணம் விளையாட்டுக்குள் நேரடியாகவே நுழைந்திருக்கிறது. கூடுதல் தொகை கொடுத்தவர்கள் தங்கள் பெயரில் ஒரு பாத்திரத்தை உருவாக்கலாம் என்றொரு சலுகை இருந்தது. ஊர் முழுக்கப் பொன்னிறப் பெயர்ப்பலகையோடு அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய ஆன்மாவைத் தொட்டால், புரவலர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கதை விரியும். சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எதற்கும் முக்கியக் கதையோடு தொடர்பில்லை. பிணங்கள் தொங்கும் மரத்திலிருந்து நாலடி தள்ளி யாரோ ஒருவரின் பொழுதுபோக்குச் சாகசம். கல்லறை வாசகங்களும் அப்படித்தான். அவற்றில் ஒன்று திருநர்களைக் கேலி செய்வதாகக் கண்டனம் எழுந்து, வெளியான சில நாட்களிலேயே மாற்றப்பட்டது. அது தனியொரு விபத்து அல்ல. ஆயிரக்கணக்கானோர் ஒரு படைப்பின் சுவரில் தங்கள் பெயரைச் செதுக்கும் உரிமையை வாங்கினால், சுவர் யாருடையது என்ற கேள்வி எப்போதாவது வந்தே தீரும்.

சடையப்ப வள்ளலைக் கம்பர் ஆயிரம் பாடலுக்கு ஒருமுறை பாடினார் என்று செவிவழிக் கதை உண்டு. நூறு பாடலுக்கு ஒருமுறை பாட நினைத்தாராம், அது அதிகம் என்று அவையோர் குறைத்தார்களாம். கதை உண்மையோ இல்லையோ, அதில் ஒரு விமர்சன அறிவு இருக்கிறது. நன்றி வேண்டும், அதற்கு ஓர் அளவும் வேண்டும். அந்த அளவைப் பணம் கொடுத்தவரும் தீர்மானிக்கக் கூடாது, வாங்கியவரும் தீர்மானிக்கக் கூடாது. படைப்பை அறிந்த மூன்றாமவர் சொல்லவேண்டும். அப்சிடியனுக்கு அப்படி ஓர் அவை இருக்கவில்லை.

பெயர்ப்பலகையைக்கூடப் பார்க்காததுபோலக் கடந்து போய்விடலாம். வடிவத்தையே மாற்றிய வாக்குறுதிகளை அப்படிக் கடக்க முடியாது. நிதி ஏற ஏற, இன்னின்ன தொகை சேர்ந்தால் இன்னின்னது உண்டு என்று அறிவித்துக்கொண்டே போனார்கள். நமக்கென்று ஒரு கோட்டை வந்தது. அதில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மராமத்துப் பார்ப்பது, வரி வாங்குவது, அவ்வளவுதான். இரண்டாவது பெரிய நகரம் வந்தது. முதல் நகரமான டிஃபையன்ஸ் பேயில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சிக்கல் இருக்க, இரண்டாவதான ட்வின் எல்ம்ஸ் முடிவை நோக்கி ஓடும் வழியில் ஒரு தங்குமிடம்போல மெலிந்து கிடக்கிறது. கோட்டைக்கு அடியில் பதினைந்து அடுக்கு நிலவறை வந்தது. பங்களிப்பாளர் எண்ணிக்கை கூடக்கூட அடுக்குகளும் கூடின. ஒரு கதைக்கு எவ்வளவு நீளம் தேவை என்பதை அதைத் தொடங்கும் முன்பே விற்றுவிட்டால், எழுதும்போது வெட்டுவதற்கு எழுத்தாளருக்கு உரிமை இல்லாமல் போகிறது.

ஆனாலும் அந்த நிலவறையில் ஒரு விந்தை நடந்திருக்கிறது. கடன்போல வந்துவிழுந்த பதினைந்து அடுக்குகளுக்கு எழுத்தாளர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவற்றினூடே ஒரே ஒரு பிரம்மாண்டச் சிலை அடுக்கடுக்காக இறங்குகிறது. இறந்த மகனின் ஆன்மாவுக்கு உடல் தர ஓட் நுவா என்ற அரசன் செய்த சிலை அது. போனதைத் திரும்பப் பெற ஒரு தந்தை மண்ணுக்குள் தோண்டிக்கொண்டே போனதன் அளவுதான் அந்த நிலவறையின் ஆழம். கூட்டுநிதி இயக்கத்தின் எண்ணிக்கை விளையாட்டு, ஏக்கத்தின் ஆழத்துக்கான உருவகமாகிவிட்டது. நிர்ப்பந்தத்தைப் பொருளாக மாற்றும் இந்தத் திறமை எல்லா இடத்திலும் கைகொடுத்திருந்தால் இது குறையில்லாத படைப்பாகியிருக்கும்.

மையக் கதையில் அந்தத் திறமை மறுபடி கைகொடுக்கிறது. வெற்றுப் பிறவிகளுக்குக் காரணம் தாவோஸ் என்ற பூசாரி. குழந்தைகளுக்குப் போகவேண்டிய ஆன்மாக்களைத் தன் தெய்வத்துக்காகத் திருடுகிறவன் அவன்தான். பழியைத் தந்திரமாக ஆன்ம ஆய்வாளர்கள்மேல் போடுகிறான். இந்த உலகில் எல்லோரும் முற்பிறவியை மறக்கிறார்கள், அவன் மட்டும் மறப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உடல் மாறி உடல் வந்தும் ஒன்றையும் மறக்காதவன். அவன் காத்துவரும் ரகசியம் இது: தெய்வங்கள் மனிதர் செய்தவை. எங்க்வித்தர் என்ற புராதன மக்கள் உண்மையான தெய்வத்தைத் தேடி, எங்கும் எதுவும் இல்லை என்று கண்டு, அந்த வெறுமையைத் தாங்க முடியாமல், தங்கள் ஆன்மாக்களையே தந்து தெய்வங்களைச் செய்தார்கள். அந்த உண்மையைச் சொன்ன ஐயோவாரா என்ற பெண்ணைக் காட்டிக்கொடுத்தவர் நம் நாயகரின் முற்பிறவி. வேறொரு நாட்டில் நிலம் தேடி வந்த குடியேறிக்கு, அந்த மண்ணோடு இவ்வளவு பழைய கணக்கு இருந்திருக்கிறது.

மக்களுக்குத் தெய்வம் வேண்டும், இல்லையென்றால் செய்துகொடுப்பது கருணை என்பது தாவோஸின் வாதம். அதை முட்டாள்தனமான வாதமாக எழுதாததே இந்த விளையாட்டின் நேர்மை. எனக்கு அது கிக்ஸ்டார்ட்டர் வேண்டுகோளின் எதிரொலியாகவே கேட்டது. நீங்கள் இழந்ததை நாங்கள் செய்து தருகிறோம். அது பழையதல்ல என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நம்புவீர்கள், ஏனென்றால் வெறுமையைவிட அது மேல். இப்படித் தங்களையே கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் விசாரணை எல்லா இடத்திலும் நேர்மையாக நடப்பதில்லை. டிஃபையன்ஸ் பேயில் ஆன்ம ஆய்வைத் தடை செய்யலாமா என்று ஆட்சியாளர் அவையில் ஒரு விவாதம் வருகிறது. அதுவரை சேர்த்த சாட்சியங்களோடு நாம் பேசுகிறோம். என்ன பேசினாலும் தாவோஸின் சூழ்ச்சியில் ஆட்சியாளர் கொல்லப்படுகிறார், நகரில் கலவரம் மூள்கிறது. அரசியலில் வாதம் தோற்பது உண்மைதான். ஆனால் பல மணி நேரம் நம்மைச் சாட்சி திரட்டவைத்துவிட்டு அதைத் தட்டிவிடுவது, கதையின் கசப்பைவிட ஆசிரியர்களின் அவசரத்தைத்தான் காட்டுகிறது.

பிறகு நடந்ததும் இந்த வாசிப்புக்கு வலு சேர்க்கிறது. 2018இல் இரண்டாம் பாகமான டெட்ஃபையர் வந்தது. அதற்கும் கூட்டுநிதி 44 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. பல வகைகளில் மேலான விளையாட்டு, ஆனால் தொடக்கத்தில் விற்பனை ஏமாற்றியது. ஏக்கத்தை ஒருமுறைதான் விற்க முடியும் போலும். அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அப்சிடியனை வாங்குவதாக அறிவித்தது. 2023இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம், கிக்ஸ்டார்ட்டர் வழியே தன் முந்தைய விளையாட்டுகளுக்குப் பணம் திரட்டிய அதே நிறுவனம், பால்டர்ஸ் கேட் 3ஐ வெளியிட்டு உலகப் பெருவெற்றி பெற்றது. அதில் பழைய வடிவம் ஏறக்குறைய இல்லை. ஸ்பேஸ் பார் இல்லை, தீட்டிய நிலக்காட்சி இல்லை. முறைவைத்து ஆடும் சண்டை, முழுக்க நடித்துப் பேசும் முகங்கள். பெயரை எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டார்கள். பழையவர்களில் சிலருக்குக் கோபம். ஆனால் டார்மென்டைக் கேள்விகூடப்பட்டிராத இளையவர்கள் அதன் வழியே இந்த வகைக்குள் வந்தார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நாமும் புரவலர்கள்தாம். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலரும் டொராண்டோ தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டாலரும் இப்படித்தான் பலர் கையிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்தன. நல்ல காரியங்கள். பணம் கொடுத்த எல்லோருடைய மனதிலும் தாங்கள் விட்டுவந்த ஆண்டின் தமிழ் ஒன்று இருக்கும். ஒருவருக்கு அது 1983இன் தமிழ், இன்னொருவருக்கு 2001இன் தமிழ். அதை அப்படியே செய்துகொடு என்று கேட்கும் ஆசை இயல்பானது. இங்கே பிறந்த பிள்ளைகள் எடுத்துக்கொள்ளப்போவது எதுவாக இருந்தாலும் அதுவாக இருக்காது.

விளையாட்டின் கடைசித் தெரிவு எனக்கு இதனால்தான் முக்கியமாகப்படுகிறது. தாவோஸ் வீழ்ந்த பிறகு அவன் திருடிச் சேர்த்த ஆன்மாக்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று நாம் முடிவு செய்யவேண்டும். ஒரு தெய்வத்துக்கே தந்து அதை வலுப்படுத்தலாம். பிறவிச் சுழலில் திரும்ப விடலாம். உயிரோடு இருப்பவர்களுக்குப் பகிர்ந்து அவர்களைப் பலசாலிகளாக்கலாம். ஒன்றுமில்லாமல் கரையவிடலாம். அல்லது கண் திறந்தபடி காத்துக்கிடக்கும் வெற்றுப் பிறவிகளுக்கே திருப்பித் தரலாம். நான் இரண்டு முறையும் கடைசியைத்தான் தெரிவு செய்தேன். அந்தக் குழந்தைகள் எழுந்து அழுவார்கள், நடப்பார்கள், பேசுவார்கள். தங்களுக்குள் இருப்பது யாருடைய ஆன்மா, அது எந்த ஊரில் என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அதில் எந்தக் குறையும் இல்லை என்று, 73,986 பேரின் ஏக்கத்தில் பிறந்த ஒரு விளையாட்டு சொல்கிறது.